மாமாவுக்கு ஒரு சூடான நிலம்

இந்த ஐப்பசி முழுக்க லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டின் முன்னறையில் நிலமே இல்லை, தரை திறந்து கிடந்தது. என் கணவர் பிளம்பர். தரைப்பலகைகளைக் கழற்றிவிட்டு, கீழே வெந்நீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தார். சமைக்கக் குசினிக்குப் போவதென்றால் குறுக்கே போட்ட ஒற்றைப் பலகையில் நடக்க வேண்டும். நான் திட்டிக்கொண்டேதான் நடந்தேன்.

எல்லாம் மாமாவுக்காக, அதாவது இவருடைய தகப்பனாருக்காக. மாமா கட்டிலில் படுக்க மாட்டார், மேசை கதிரையில் இருந்து சாப்பிட மாட்டார். அவருக்கு நிலமும் பாயும்தான். போன மாரியில் வந்தவர் பாதியிலேயே யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். நிலத்தின் குளிர்தான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். அங்கே தனி வீடு, மருந்தோடு நெஞ்சு வருத்தம், கூப்பிட்டால் வர ஆளில்லை. இம்முறை மன்றாடிக் கூட்டி வந்தோம். வந்த நாளிலிருந்து, "நான் கெதியிலை வெளிக்கிடுவன்" என்று ஊருக்குத் திரும்பும் பேச்சுத்தான்.

இவருக்கு இந்த யோசனையைக் கொடுத்தவர்கள் ரோமர்கள். லண்டனின் தெற்கு ஓரத்தில் அவர்கள் இங்கே ஆண்ட காலத்து நாட்டுப்புற மாளிகையொன்றின் அடித்தளத்தைக் கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். ஒரு ஞாயிறு, வீட்டு வேலை பாதியில் கிடக்க, மாமாவையும் என்னையும் அங்கே இழுத்துப் போனார்.

ஓடுகளை அடுக்கிய குட்டித் தூண்கள், அவற்றின் மேல் தளம். வெளிச்சுவரில் ஒரு நெருப்பு வாய். அங்கே விறகு எரித்தால் அனல் தளத்துக்கு அடியில் ஓடி, சுவர் வழியாக மேலே போகுமாம். உள்ளே புகை இல்லை, சாம்பல் இல்லை. குறை பிடிக்கவென்றே போன நான் வாயடைத்து நின்றேன். இந்த ஊரில் வருடக்கணக்காக விறைத்துப்போன என் கால்களுக்கு அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

மாமா நெருப்பு வாயருகே குந்தினார். "இதுக்கு ஆர் விறகு வைச்சது?"

இவர் அதை வழிகாட்டிப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் வெளியே புல்வெளியைக் காட்டினார். அங்கே ஒரு சின்னக் குடியிருப்பு இருந்ததாம். குடிசைகள், நடுவில் ஒரு அடுப்பு. வேலையாட்கள் அங்கிருந்துதான் வந்திருப்பார்களாம்.

மாமா மாளிகையைப் பார்த்ததைவிட அந்தப் புல்லைத்தான் கனநேரம் பார்த்தார்.

"உன்ரை நிலத்துக்கு நெருப்புப் பாக்க ஆர் ராவிலை எழும்புறது?" என்று மகனைக் கேட்டார்.

"ஒருத்தரும் எழும்பத் தேவையில்லை அப்பா. அது தன்ரை பாட்டிலை சூடாகும்."

"மெய்யாவோ?"

"ஓம்."

"போன மாரியிலை நீ வேலையாலை களைச்சு வந்து படுத்தும், எனக்கு ஹீட்டர் பாக்க எழும்பி எழும்பி வந்தனி. நான் நித்திரை எண்டு நினைச்சாய். அதுதான் நான் போனனான். குளிருக்கில்லை."

இவர் மூக்கை உறிஞ்சினார். அவ்வளவு நாளும் நாங்கள் லண்டன் குளிரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

கார் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மாமா கேட்டார். "நிலம் எப்ப முடியும்?"

"இன்னும் ரண்டு கிழமை அப்பா."

"சரி, அவசரமில்லை, ஆறுதலாச் செய். நான் இஞ்சைதான் நிக்கிறன்."