இருபத்தைந்தெல்லாம் ஒரு குளிரா?

வலது கையுறையைப் பல்லால் கவ்விக் கழற்றி, கொடியில் தொங்கும் ரப்பர்ப் பட்டையில் கட்டை விரல் நகத்தை அழுத்துகிறாள் ஒக்சூன் அக்கா. நகம் பதிந்தால் அடுத்த பட்டைக்கு நகர்கிறாள். பதியவில்லையென்றால், "என்னடா, அதுக்குள்ள தூங்கிட்டியா?" என்று ஓர் அதட்டல், நோட்டில் பென்சிலால் ஒரு கோடு. பேனா அவளிடம் கிடையாது. யாகுத்ஸ்க்கில் ஜனவரி மாதத்தில் வெட்டவெளியில் மை உறைந்த பேனாவை எடுத்து உதறிக்கொண்டிருப்பவனைப் பார்த்தால், நேற்றுதான் விமானத்தில் இறங்கினான் என்று சொல்லிவிடலாம்.

ஊர் எல்லையில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் கட்டடத்தைவிட முற்றம்தான் பெரிது. வரிசை வரிசையாக மரக் கம்பங்கள், அவற்றில் துணி காயப்போட்டது போல ரப்பர். டயர்த் துண்டு, குழாய், வளையம், கதவு விளிம்பு என்று எல்லா ஜாதியும் உண்டு. தெற்கே வெதுவெதுப்பான ஊர்களில் ரப்பர் செய்பவர்கள், குளிரில் அது என்ன ஆகும் என்று கேட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். பதில் சொல்வது ஒக்சூன் அக்காவின் கட்டை விரல். நான் பதினெட்டு வருஷம் அந்த ஆய்வுக்கூடத்தின் வண்டியை ஓட்டினேன். அறுக்காத ரொட்டி மாதிரி உருவம் கொண்ட பழைய வண்டி. நவம்பரில் முடுக்கினால், குளிரில் மறுபடி கிளம்பாதென்று மார்ச்சில்தான் எஞ்சினை அணைப்போம். அந்த உறுமலும், உள்ளே வரும் பெட்ரோல் நாற்றமும், அக்கா ஏறும்போது கூடவே ஏறும் ரப்பர் வாசனையும் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. இப்போது ஓட்டுகிற புது வண்டியில் வாசனையே இல்லை.

அக்காவுக்கு வயது அறுபத்தேழு. குள்ளம். நடக்கும்போது லேசாக இடப்பக்கம் சாய்வாள். காலில் எப்போதும் கலைமான் தோல் பூட்ஸ். ஒருமுறை புது ஆள் யாரோ, "ரப்பர் அடிப்பாகம் போட்டதா ஒண்ணு வாங்கிக்கலாமே" என்று சொல்லிவிட்டான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ரப்பரை வெச்சு வயித்தைக் கழுவுறேன் தம்பி. அதுக்காக அதை நம்பிக் காலை வெக்கச் சொல்றியா?" அவன் அன்று மாலையே சந்தைக்குப் போய்த் தோல் பூட்ஸ் வாங்கினான்.

ரப்பர் விறைக்கும் என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்த விஷயமில்லை. என் சிறு வயதில் மாஸ்கோவிலிருந்து மாமா ஒரு சிவப்புப் பந்து கொண்டுவந்தார். வீட்டுக்குள் அது கூரைவரை துள்ளியது. பெருமை தாங்காமல் தெருவுக்கு எடுத்துப்போய் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் காட்டினேன். பிறகு தரையில் அடித்தால், விறகுக்கட்டை விழுந்த மாதிரி 'டொக்' என்று உட்கார்ந்துவிட்டது. பந்து செத்துப்போனது என்று அழுதேன். அம்மா அதை அடுப்புப் பக்கம் வைத்தாள். கால் மணி நேரத்தில் பழையபடி துள்ளியது. அன்று வந்த சந்தோஷம் மாதிரி ஒன்று பிறகு வாழ்க்கையில் அதிகம் வரவில்லை. இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அதுலதாண்டா கேஷா ஆபத்தே. உள்ள கொண்டுபோனா எல்லாப் பயலும் நல்லவனாயிடுவான்" என்றாள்.

இந்த வாக்கியத்துக்கு அவள் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் யாரும் மைனஸ் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. குளிர்காலத்தில் ஐம்பது என்றால் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதுதான். அந்த ஐம்பதுக்குத்தான் மரியாதை. நாற்பத்தைந்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. முப்பதில் காது மூடாமல் நடக்கிற வீரர்கள் உண்டு. இருபத்தைந்து என்றால், "இன்னிக்கு நல்லா இருக்குல்ல?" என்பார்கள். மார்ச்சில் இருபத்தைந்து வந்தால் பெண்கள் மேல்கோட்டின் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நடப்பார்கள். குளிரைக் கண்டு பயப்பட வேண்டிய அளவு எது என்பதில் எங்களுக்கு அத்தனை தலைக்கனம்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரப்பர் வளையம் சோதனைக்கு வந்தது. எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர். கிராமத்து வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் கொதிகலன் கூடங்களுக்கு வெளியே எரிபொருள் தொட்டி இருக்குமே, அதன் குழாய் இணைப்பில் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்து, எண்ணெய் கசியாமல் காப்பது அதன் வேலை. விதிப்படி ஐம்பதில் நாலு மணி நேரம் வைத்து வளைக்க வேண்டும். அக்கா வளைத்தாள். விரிசல்கூட விடவில்லை. "அம்பதையே தாங்குறவன் வேற எதுக்குப் பயப்படுவான்?" என்று கையெழுத்துப் போட்டாள். வளையங்கள் பல கிராமங்களுக்குப் போயின. அவளுடைய சொந்த அண்ணன் ஹபிரீஸ் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்த உஸ்கியோலுக்கும் போயின.

அடுத்த ஜனவரியில், நாற்பத்தெட்டில், உஸ்கியோல் தொட்டி கசிந்து காலியாகி அடுப்பு அணைந்தது. ஹபிரீஸ் கையுறை இல்லாமல் போல்ட்டுகளை முடுக்கப் பார்த்து இரண்டு விரல்களை இழந்தார். நாற்பது வீடுகளில் வெந்நீர்க் குழாய் வெடித்தது. விசாரிக்க வந்தவர்கள் அந்த வளையத்தைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து, கதகதப்பான அறையில் மேஜைமேல் வைத்தார்கள். வேறு எங்கே வைப்பார்கள்? நாற்பத்தெட்டில் நின்றுகொண்டு யார் விசாரணை நடத்துவார்கள்? வளையம் மெத்தென்று, புதுசு மாதிரி இருந்தது. மறுபடி ஐம்பதில் நாலு மணி நேரம் வைத்து வளைத்தார்கள். உடையவில்லை. ரப்பரில் குற்றமில்லை, ஆள் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று எழுதி முடித்தார்கள். ஹபிரீஸுக்கு வேலை போயிற்று. அதைவிட, ஊரில் பேர் போயிற்று. கடைக்குப் போனால் பேச்சு நின்றுபோகும் என்று அண்ணி சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த வருஷம் வசந்த காலத்தில், குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேஜையில் ஒக்சூன் அக்கா அண்ணனிடம் சொன்னாள்: "நீதாண்ணே அசட்டையா இருந்திருப்ப. ரப்பர் மேல தப்பில்ல. நானே வளைச்சுப் பார்த்தேன்."

ஹபிரீஸ் எழுந்து வெளியே போனார். அதன் பிறகு தங்கையோடு பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை, ஐந்தரை வருஷம்.

உண்மை வெளிவந்தது அக்காவின் குடல்வால் புண்ணியத்தில். ஓர் அக்டோபரில், அந்தப் பழைய சரக்கில் மிஞ்சிய ஒரு சின்ன வளையத்தை உள்ளங்கை அகல இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நசுக்கிக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். ஏதோ அளவு பார்க்க. அன்று மதியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அறுவை சிகிச்சை, சீழ், காய்ச்சல் என்று இழுத்து ஐந்து வாரம் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பினாள். அதுவரை வெளியே வெறும் இருபது, இருபத்தைந்துதான். நல்ல குளிர் இன்னும் வரவே இல்லை. முற்றத்தில் நின்றபடியே போல்ட்டைத் தளர்த்தினாள். நசுங்கிய ரப்பர் தட்டு விலக விலகக் கூடவே எழுந்திருக்க வேண்டும். அது எழுந்திருக்கவில்லை. பலகை மாதிரி கிடந்தது. உள்ளே கொண்டுபோய் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தாள். அது மெல்ல உப்பி எழுந்து வட்டமானது. நான் எதிரே உட்கார்ந்து உறைந்த மீனைச் சீவித் தின்றுகொண்டிருந்தேன். அக்காவின் முகம் வெளுத்ததைப் பார்த்து, தையல் பிரிந்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"இருபத்தஞ்சுலடா" என்றாள். "இருபத்தஞ்சுல! அம்பதுல நாலு மணி நேரம் நிப்பான். இருபத்தஞ்சுல அஞ்சு வாரம் நசுக்கி வெச்சா இறுகிப்போறான். இதை நாம எவனும் பார்க்கவே இல்லையே கேஷா."

கொடுங்குளிரைத் தாங்கும் அந்த ரப்பர், நாங்கள் குளிர் என்றே கணக்கில் சேர்க்காத ஒன்றில், அழுத்தத்தோடு நாள்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள் மெல்ல மெல்லக் கட்டிதட்டிப் போகிறது. அப்புறம் ஜனவரியில் இரும்பு சுருங்கும்போது கூடவே விரிந்து அடைக்க அதற்குத் தெம்பில்லை. சூடு காட்டினால் நடந்தது எதுவும் ஞாபகமில்லாத மாதிரி பழையபடி ஆகிவிடுகிறது.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே ஓடிப்போய் அண்ணன் காலில் விழுந்திருப்பார்கள். அக்கா விழவில்லை. மார்ச்சில் இருபத்தைந்து வந்தபோது இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அடுத்த அக்டோபரில் மறுபடி, இந்த முறை ஆறு வளையங்கள். ஒரு வருஷம். அந்த வருஷம் முழுக்க அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை, வண்டியில் ஏறினால் பேச்சில்லை. அதில் ஐந்தைத் தளர்த்தி, ஐந்தும் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்த காலையில், தன் பழைய கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக இயக்குநருக்கு ஒரு பக்கம் எழுதினாள்.

இயக்குநர் புரொகோபி நல்ல மனிதர்தான். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆறு வருஷம் முன்னாடி முடிஞ்ச விஷயம்மா. இப்ப யாரு கேக்குறா?"

"நான் கேக்குறேன்."

"நீங்க போட்ட கையெழுத்து தப்புன்னு நீங்களே எழுதித் தர்றீங்க. என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். படிச்சுட்டுக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. பேனா உங்ககிட்டதானே இருக்கு?"

அவளை ஒரு வருஷம் கிடங்குக்கு மாற்றினார்கள். வாய் திறக்காமல் போனாள். இன்றைக்கு எந்த வளையம் வந்தாலும் இருபத்தைந்தில் ஐந்து வாரம் நசுக்கி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த விதியில் அவள் பெயர் எங்கும் இல்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு, அவளுக்கு இல்லை.

கடிதம் கொடுத்த வாரமே, ஒரு நவம்பர் காலை, "உஸ்கியோலுக்குப் போகணும்" என்று வண்டியில் ஏறினாள். மடியில் வாய் அகலமான சூப் பிளாஸ்க்.

"என்ன சூப்புக்கா? குதிரைக்கறியா?"

"மூடியைத் தொட்ட, கையை ஒடிப்பேன்."

உள்ளே பனி. பனிக்கு நடுவே இரும்புத் தட்டுகள், அதற்கு நடுவே இன்னும் தளர்த்தாத ஆறாவது வளையம். எங்கள் ஊரில் சூட்டைப் பிளாஸ்க்கில் எடுத்துப் போகாத ஆளில்லை. குளிரை எடுத்துப் போன ஒரே ஆள் அவள்தான். வண்டிக் கூரையில் கட்டிவிடலாமே என்றேன். "குலுங்கி போல்ட் தளந்துடுச்சுன்னு ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சை ஒருத்தரு கேட்டது போதும்" என்றாள். ஆற்றின்மேல் பனிக்கட்டிப் பாதை அந்த வாரம்தான் திறந்திருந்தது.

ஹபிரீஸின் வீட்டில் புகை வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் வாசலில் நின்று பேசுகிற வழக்கமே கிடையாது. பகையாளியானாலும் முதலில் உள்ளே வந்து டீ குடிக்க வேண்டும். நிற்பது அவமரியாதை. அண்ணி கதவைத் திறந்து மூன்று முறை கூப்பிட்டாள். "உள்ள வா ஒக்சூன், சனியனே, அக்கம்பக்கம் பார்க்குது!" அக்கா அசையவில்லை. "உள்ள வந்தா இது மாறிடும் அண்ணி. அவரை வெளிய வரச் சொல்லுங்க."

அரை மணி நேரம் ஆயிற்று. நான் வண்டியிலிருந்து இறங்கி வேலியோரம் நின்றேன். எனக்கே கால் விறைக்க ஆரம்பித்தது. அப்புறம் கதவு திறந்து ஹபிரீஸ் வந்தார். தொப்பி இல்லை. தங்கையைப் பார்க்காமல் பிளாஸ்க்கைப் பார்த்தார்.

அக்கா தட்டுகளை எடுத்து நீட்டினாள். "முடுக்கினது நான். நீ கால் சுத்து தளர்த்துண்ணே. அப்புறம் நடுவுல இந்தக் காகிதத்தை விட்டுப் பாரு."

மூன்று விரல் இருந்த கையால் தட்டைப் பிடித்து, மறு கையால் போல்ட்டைத் தளர்த்தினார். காகிதம் தடையே இல்லாமல் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. எடுத்து மறுபடி விட்டார். மறுபடியும் போயிற்று.

"எவ்வளவுல வெச்ச?"

"இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சா? அது ஒரு குளிரா?"

"அதேதாண்ணே. அப்படித்தான் நானும் நெனச்சேன்." அக்கா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "நீ போல்ட்டைச் சரியாத்தான் முடுக்கியிருக்க. நான்தான் சரியாப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். ஊரைக் கூட்டு, எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

ஹபிரீஸ் தட்டுகளை வேலிக் கம்பத்தின் மேல் பத்திரமாக வைத்தார். திரும்பி வந்து தங்கையின் குல்லாயை முன்னால் இழுத்துவிட்டு, கழுத்தருகே தொங்கிய இரண்டு நாடாக்களைப் பிடித்து முடிச்சுப் போடப் பார்த்தார். மூன்று விரலில் முடிச்சு நிற்கவில்லை. நழுவியது. மறுபடி போட்டார், மறுபடி நழுவியது. ஒரு நொடியில் முடிச்சுப் போடத் தெரிந்த ஒக்சூன் அக்கா கைகளைத் தூக்கவே இல்லை. அண்ணனுக்கு வாகாக முகவாயை உயர்த்திக் கொடுத்து, அவர் போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.