மூடி இல்லாத சக்கரம்

1. தாராவியில், பெல்ட் பக்கிள்களுக்குப் பளபளப்பு ஏற்றும் ஒரு பட்டறையில், ஓர் அக்கா சுழலும் துணிச் சக்கரத்தின் முன் குனிந்தார். தாலிக்கயிறு ஜாக்கெட்டுக்கு வெளியே விழுந்து சக்கரத்தைத் தொட்டது.
2. சக்கரம் அதைச் சுற்றி இழுப்பதற்குள் அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கழுத்தில் கீறல்கூட இல்லை. மஞ்சள் கயிற்றில் கறுப்புப் பாலிஷ் ஒட்டியிருந்தது.
3. பக்கத்தில் நின்ற நான் சுவிட்சை அணைத்தேன்.
4. மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு தீர்வு சொன்னேன்.
5. முதலாளி என்னைப் பாராட்டினார்.

நான்காவதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஐந்தாவதை நினைத்தால் இன்னும் அதிகமாக.

மும்பை விக்ரோலியில் பைகளும் பெல்ட்டுகளும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். எங்களுக்குப் பக்கிள் செய்து தரும் சின்னப் பட்டறைகளுக்குப் போய், எங்கே விரல் போகும், எங்கே கண் போகும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் வேலை. இந்தப் பட்டறையில் பெண்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். முதலாளியும் அந்தப் பக்கம்தான். அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அவர்கள் எல்லாரையும்விட நான் சின்னவள். ஆனாலும் நான் மேடம்.

சக்கரம் நின்றதும் அந்த அக்கா சிரித்துக்கொண்டே கயிற்றை உள்ளே தள்ளினார். “எப்பவும் ஜாக்கெட்டோட சேத்து ஊக்கு குத்திருப்பேன் மேடம். இன்னைக்கி காலையில அந்த ஊக்கை இவ வாங்கிட்டுப் போயிட்டா” என்று பக்கத்து இயந்திரத்தைக் காட்டினார். அந்த இயந்திரத்துப் பெண்ணின் முந்தானையில் ஊக்கு இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். தாலியைக் கழற்றச் சொன்னால் நடக்காது என்று எனக்கும் தெரியும். செம்பூரில் ரயிலை விட்டு இறங்கும்போது, என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டுப் பட்டை ஒருவரின் பையில் மாட்டி, டக்கென்று கழன்றது. அந்தப் பட்டையின் பின்புறத்தில் சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. இழுத்தால் தானாக விட்டுவிடும். பிளாட்பாரத்தில் நின்று அதைத் திரும்ப மாட்டிக்கொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் டீ நேரத்தில் எல்லாரையும் நிற்கவைத்தேன். என் பட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். டக்.

“பாருங்க, இவ்வளவுதான். தாலிக்கயித்துல இந்த மாதிரி ஒரு கொக்கி வெச்சிட்டா, சக்கரம் இழுத்தா கயிறு அறுந்து வந்துடும். கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

எல்லாரும் டீயைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு முறை இழுத்துக் காட்டினேன்.

பேக்கிங்கில் வேலை செய்யும் வயதான அம்மாள் டீயைக் கீழே வைத்தார். “ஏ பிள்ளே, ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“இல்லம்மா.”

“அதான் பாத்தேன்.” அந்த அக்காவின் பக்கம் தலையை அசைத்தார். “இவ வீட்டுக்காரரு இருவது மாடிக் கட்டடத்துல கயித்துல தொங்கிக்கிட்டுப் பெயிண்ட் அடிக்காரு. இவளப் பாத்தா வந்து அறுந்துரும், அறுந்துரும்னு சொல்லுத?”

யாரோ வாய்க்குள் சிரித்து, உடனே நிறுத்தினார்கள். அந்த அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கழுத்துப் பக்கம் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அண்ணாச்சி கை தட்டினார். “சூப்பர் ஐடியா மேடம். ஒரு பைசா கர்ச்சா இல்ல. படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்!” பிறகு அக்காவிடம் திரும்பினார். “மேடம் சொன்ன கொக்கிய மாட்டிட்டு வா, மெஷின் தாரேன். இல்லன்னா பேக்கிங்ல உக்காரு.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பேக்கிங்கில் போய் உட்கார்ந்தார். அங்கே கூலி குறைவு. தவிர, பளபளப்பு ஏற்றுவதில் அவர் கைதான் அந்தப் பட்டறையிலேயே நல்ல கை. அவர் முடித்த பக்கிளை எங்கள் கம்பெனி ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். சாதம் பரிமாறிக்கொண்டிருந்த கை நின்றது. “எல்லாரும் இருக்கறச்சேயா சொன்னே?”

“ஆமா.”

“கொக்கிய இழுத்து வேற காமிச்சியா?”

“ரெண்டு தடவ.”

“உன்ன என்ன படிக்க வெச்சேன்டி நான்” என்று சொல்லிவிட்டு ரசத்தை எடுக்க உள்ளே போனாள்.

தவறான வார்த்தையைத் தவறான இடத்தில் சொல்லிவிட்டேன் என்றுதான் முதலில் வெட்கப்பட்டேன். அந்த அளவோடு நின்றிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அண்ணாச்சியின் கைதட்டல் காதிலேயே இருந்தது. செலவில்லாத யோசனை என்பதால் தட்டினார். அது ஏன் செலவில்லாததாக இருந்தது?

டிப்ளமோ படிக்கும்போது முதல் வாரமே எங்களை மனப்பாடம் செய்யவைத்த வரிசை ஒன்று உண்டு. ஆபத்தை அடியோடு எடுக்க முடியுமா பார். முடியாவிட்டால் அதன் இடத்தில் ஆபத்துக் குறைந்த வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்துக்கு மூடி போடு. பிறகு வேலை செய்யும் முறையை மாற்று. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மனிதர் உடம்பில் இருப்பதைத் தொடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தச் சக்கரம் எந்த மூடியும் இல்லாமல் திறந்து சுற்றிக்கொண்டிருக்க, நான் ஒரு பெண்ணின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடியைப் பற்றி எனக்குத் தெரியாமலும் இல்லை. முதல்முறை போனபோதே அண்ணாச்சியிடம் கேட்டிருந்தேன். “பாக்கலாம் மேடம்” என்றார். நானும் விட்டுவிட்டேன். அவரை மறுபடி கேட்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அக்காவிடம் சொல்வதில் எந்தச் சங்கடமும் இல்லை. அவர் கூலிக்கு வேலை செய்பவர், நான் மேடம்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அதே டீ நேரம், அதே பெண்கள். கொக்கி வேண்டாம், நான் சொன்னது தப்பு என்றேன். ரெண்டு சக்கரத்துக்கும் மூடி போட வேண்டும், கழுத்துவரை மூடிய ஏப்ரன் தர வேண்டும், அதுவரைக்கும் ரெண்டு இயந்திரமும் ஓடக்கூடாது என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன்.

அண்ணாச்சி இந்த முறை கை தட்டவில்லை. “தாலிக்குத் தகரக் கூர போடச் சொல்லுதீயளா மேடம்?”

“தாலிக்கு இல்ல அண்ணாச்சி. சக்கரத்துக்கு.”

“போன வாரம் ஒண்ணு சொன்னிய, இந்த வாரம் ஒண்ணு சொல்லுதிய. அடுத்த வாரம் என்ன சொல்லப் போறியளோ.”

அவர் சொன்னது சரிதான்.

கிளம்பும்முன் பேக்கிங்குக்குப் போய் அந்த அக்காவின் எதிரில் உட்கார்ந்தேன். “மன்னிச்சிடுங்க அக்கா” என்றேன். அவர் பக்கிள்களை டஜன் டஜனாக அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். “நீங்க என்ன, வேணும்னா சொன்னிய?” என்றார். நிமிரவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அடுத்த பெட்டியை வைக்க வேண்டியிருந்தது. எழுந்துகொண்டேன்.

இப்போது நிலைமை இது. குர்லாவில் தகர வேலை செய்யும் கடையிலிருந்து ஒரு மூடி வந்து பொருத்தியாகிவிட்டது. அக்கா அந்த இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டார். ஏப்ரன் கழுத்துவரை இருக்கிறது, தாலி உள்ளே இருக்கிறது, ஊக்கும் குத்தியிருக்கிறார். இரண்டாவது மூடி இன்னும் வரவில்லை. அந்த இயந்திரம் நிற்கிறது, அதில் வேலை செய்த பெண் இப்போது பேக்கிங்கில் இருக்கிறாள். அக்கா நான் கேட்டால் பதில் சொல்கிறார். தானாக ஒன்றும் பேசுவதில்லை.