ஒன்பதரை அடி ஹாலுக்குப் பூ பார்டர்

கனகலட்சுமியின் புது வீடு கட்டி முடிந்து இரண்டு ஆடித்தபசுத் திருவிழா போய்விட்டது. அவள் இன்னும் பக்கத்துத் தெரு வாடகை வீட்டில்தான் கிடக்கிறாள். காலையில் வந்து புது வீட்டைத் திறப்பாள், பெருக்குவாள், பூட்டிவிட்டுப் போவாள். சமைக்காத அடுப்படியில் ஒரு சௌகரியம், எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது.

எல்லாம் அவள் புருஷன் வீரபாண்டியால் வந்தது. கல்யாணமான மறுவருஷமே குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனவன். லீவுக்கு வந்து வந்து போனதில் ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, ராயகிரியில் வாக்கப்பட்டும் போய்விட்டாள். "வீடு முடியட்டும், ஒரேயடியா வந்துருதேன். ரெண்டு பேருமா சேந்து பால் காய்ச்சுவோம்" என்பான். வீடு முடிந்ததும் காம்பவுண்டு சுவர் வேண்டும் என்றான். அப்புறம் கிரில் கேட். அதற்கப்புறம் வாசல்படிக்குக் கிரானைட்.

இப்போது சீலிங்கைச் சுற்றிப் பூ பார்டர். அவன் முதலாளி மாளிகையில் இருப்பது போலவே திராட்சைக் கொத்தும் இலையுமாக, ஒரு முழ அகலத்தில் வேண்டுமாம். போட்டோ அனுப்பியிருந்தான். அழகாகத்தான் இருந்தது, அதை அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாளிகை ஹாலுக்குள் ஒரு தென்னையை நட்டு வளர்க்கலாம். இவள் வீட்டு ஹால் ஒன்பதரை அடி உயரம்.

பிளாஸ்டர் வேலை செய்யும் மாரிக்கண்ணன் மாதிரிக்கு ஒரு மூலையில் மட்டும் நாலு துண்டு ஒட்டிக் காட்டினான். பூ இறங்கி வந்து ஜன்னல் திரைக் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது.

"எப்படிக்கா, அரண்மனை மாதிரி இல்ல?"

"அரண்மனைல ஒட்டடை அடிக்க ஆளு இருக்கும்லே. இங்கன யாரு, நீ வருவியா?"

"ஃபேனப் போட்டா தூசி பறந்துரும்க்கா."

"பறந்து எங்க போவும்? அந்தத் திராட்சைக்குள்ளதான் போய் உக்காரும்."

அதற்குள் வீரபாண்டி வீடியோ காலில் வந்துவிட்டான். "ஏட்டி, போனை மேல காட்டு."

காட்டினாள். இந்த வீட்டில் செப்டிக் டேங்க் முதற்கொண்டு அவனுக்குப் போனில்தான் காட்டியிருக்கிறாள்.

"இன்னும் கிட்டக் காட்டு. நல்லா எடுப்பா இருக்குல்லா?"

"இது முடிஞ்சா வாரீங்களா?"

"முடியட்டும். பார்டர் வந்துட்டா நடுவுல ஃபேனைச் சுத்தி ஒரு வட்டப் பூ வேணும்லா? இல்லாட்டி மொட்டையா இருக்கும். அதையும் பாத்துட்டு..."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்தது போலத்தான் இருந்தது.

"மாரி, அத எறக்குலே."

"எதைக்கா?"

"பூவத்தான். அந்த எடத்துல பட்டி பாத்து, சுத்தி வெள்ளைய அடிச்சிட்டுப் போ."

"ஏட்டி, என்ன சொல்லுத?" போனுக்குள் வீரபாண்டி கத்தினான்.

"இந்த வீட்டுக்கு அது ஒத்து வராது. வேலை முடிஞ்சிட்டு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சப் போறேன். வாரதா இருந்தா வாங்க."

"நான் இல்லாமலா?"

"இத்தன வருசமா நீங்க இல்லாமத்தான அடுப்பு பத்த வைக்கேன்."

"லீவு கேட்டுப் பாக்கேன்" என்றான்.

மறுநாளே புளியங்குடியிலிருந்து அவன் தங்கச்சி பொன்மணி ஓடி வந்தாள். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில ஒத்தப் பொம்பளையா நின்னு பால் காய்ச்சுனா பாக்கவ என்ன மதினி சொல்லுவா? மகளையும் மருமகனையுமாவது சோடியா நிறுத்துங்க."

"அவங்க வீட்டுக்கு அவங்க காய்ச்சட்டும். இங்க பொங்கித் திங்கப் போறவ நான்."

"அண்ணன் ஆசப்பட்டுக் கேட்டது ஒரு பூதான மதினி?"

"உன் வீட்டுல போட்டுக்கோ. எறக்குனது சும்மாத்தான கெடக்கு, மாரி கொண்டாந்து ஒட்டித் தருவான்."

பொன்மணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வீட்டுக் கூரை தகரம்.

வெள்ளிக்கிழமை வீரபாண்டி வரவில்லை. மகளும் மருமகனும் வந்தார்கள். பொன்மணியும் உர்ரென்ற முகத்தோடு ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாள். வெறும் வெள்ளைச் சீலிங்குக்குக் கீழே கனகலட்சுமி தனியாக நின்று அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கியதும், பழக்கதோஷம், பொன்மணி குலவை போட்டுவிட்டாள். கனகலட்சுமி அடுப்பை அணைத்தாள்.

வீரபாண்டியின் போன் வந்தது. டம்ளர்களில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தவள் மகளை எடுத்துப் பேசச் சொன்னாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை, அழுகையும் வரவில்லை. வாடகை வீட்டு அரிசிப் பானையை யார் தூக்கி வருவது என்றுதான் யோசனை ஓடியது.