முதல் நாள் நாடகத்தில் பக்கத்து நாற்காலி

பல வருடங்களாக யாரும் போடாத ஓர் இசை நாடகத்தைப் போடியில் மறுபடி மேடையேற்றினார்கள். அதன் பாட்டுகளுக்கு நான் பழைய ரசிகன். முதல் நாள் மாலை மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி.

பக்கத்தில் ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். ஏலத்தோட்டத்திலிருந்து நேராக வந்திருப்பார் போல. விரல்களில் காய் பறித்த கறை. ஒவ்வொரு பாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ண மூடிட்டா நாடகத்த எப்படிப் பாப்பீங்கக்கா?" என்றேன்.

"சின்ன வயசுல வீட்டுக்குள்ள இருந்து கேட்டதோட சரி தம்பி. பொம்பளப்புள்ளைய நாடகம் பாக்க விடமாட்டாக. பாட்டு வந்தா கண்ணு தானா மூடிக்கிருது" என்று சிரித்தார். பிறகு மேடையை உற்றுப் பார்த்தார். "ராசா இம்புட்டுக் குட்டையா?"

நாடகம் முடிந்ததும் நடத்துபவர் மேடைக்கு வந்தார். நாளையும் இதே கூட்டம்தான் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

அக்கா எழுந்து நின்று, "நிறுத்தாதீக அண்ணே! எங்க ராசிங்காபுரத்துல இருந்து ஜீப்புல தோட்ட வேலைக்கு வர்ற ஆளுகளக் கூட்டியாறேன்" என்று சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் ராசிங்காபுரத்து ஜீப் வந்து நின்றது. பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த அக்காவைக் காணோம். விசாரித்தேன்.

"ஜீப்புல எடம் பத்தல அண்ணே. 'நாந்தான் பாத்துட்டேனே, நீங்க வெரசாப் போங்க'ன்னு அக்கா எறங்கிக்கிட்டாக" என்றாள் ஒருத்தி.

ஊர்க்காரர்களும் வந்து அன்று மண்டபம் நிறைந்தது. நாளையும் நாடகம் உண்டு என்று அறிவித்தார்கள்.

"நாளைக்கு அக்காவ முதல்ல ஏத்துங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் நேரத்தோடு போய்ப் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.