கண் பலகையை ஒப்பித்தவன்

என் தம்பிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறான். அங்கே அவனுக்குப் பெயர் மேனேஜர். அவன் மடித்த விரிப்பின் ஓரத்தால் காய்கறி நறுக்கலாம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நறுக்கிப் பார்த்தவர் யாருமில்லை. பிறவியிலேயே மூளை வளர்ச்சி மெதுவானவன். எழுத்து அவன் பக்கம் வரவே இல்லை. ஆனால் கடுகளவு கறை இருந்தாலும் விரிப்பை உதறும்போதே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவான்.

அந்த வேலையில் சேரக் கண் பரிசோதனை உண்டு. சுவரில் மாட்டிய பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எழுத்துக்குப் பதிலாகப் படம் போட்ட பலகை இருக்கிறதா என்று நான் கேட்டிருக்கலாம். கணக்கு டீச்சரின் தம்பிக்கு எழுத்து தெரியாது என்று வாயைத் திறந்து சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பத்து நாள் முன்னதாகவே, இல்லாத தலைவலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தக் கண் அறைக்குப் போனேன். ஆறு வரிகளையும் கைக்குட்டைக்குள் மறைத்த தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். வரிக்கு ஒரு பிஸ்கட். பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்தான். வேலை கிடைத்தது.

"பத்தே நாள்ல தம்பிக்குப் படிக்கக் கத்துக்கொடுத்துட்டேன்" என்று தெருவில் சொன்னேன். வருடா வருடம் ஊழியர் பரிசோதனை, அதே அறை, அதே பலகை. அவன் கடைசி வரி வரை ஒப்பிப்பான், எல்லோரும் கை தட்டுவார்கள், நானும் தட்டுவேன். சொல்லிச் சொல்லி, அது நான் விட்ட புளுகு என்பதே எனக்கு மறந்துபோனது.

போன வருடம் சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் அம்மா வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, மேனேஜர் கறை விரிப்பை நல்லதோட சேர்த்து வச்சுடறாரு. இந்த மாசத்துல இது மூணாவது தடவை."

"மறதியா இருக்கும். வயசாகுது இல்ல?"

"எனக்குந்தான் வயசாகுது. நான் வைக்கலையே!"

வீட்டிலும் கோளாறுதான். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினான். ஆணியில் தொங்கிய என் மழைக்கோட்டுக்கு வணக்கம் சொன்னான். இதை நான் வந்தவர் போனவருக்கெல்லாம் நடித்துக் காட்டினேன். கோட்டு பதில் வணக்கம் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைக் கேட்டு அவனும் சிரித்தான்.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். ஒரு காலை மாடிப்படியின் உச்சியில் நின்றுவிட்டான்.

"இருட்டா இருக்குக்கா. லைட் போடு."

"சூரியனே வாசல்ல வந்து நிக்குது, அதுக்கு மேல என்ன லைட்டுடா? அடம் பிடிக்காம இறங்கு!"

கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். நான் விரல் விரலாகப் பிரித்து இழுத்தேன். இரண்டு படி உருண்டான், முட்டித் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. மருந்து போட்டுக்கொண்டே அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

மறதி என்று டாக்டரிடம் போனோம். தம்பியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். அவன் வாயைத் திறப்பதற்குள் என் வாய் முந்திக்கொள்ளும். ஐம்பது வருடப் பழக்கம்.

"கண்ணு எப்படி?"

"கழுகுக் கண்ணு டாக்டர்! வருஷா வருஷம் கடைசி வரி வரைக்கும் படிக்கிறான்."

டாக்டர் தலையாட்டினார். அவரும் அவனைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பிறந்தவர்களுக்கு ஞாபகமறதி நோய் சீக்கிரமே வருவதுண்டு, பூட்டிய கதவோடு ஒரு காப்பகம் இருக்கிறது, அங்கே விட்டால் பாதுகாப்பு என்றார். உள்ளே போனால் வேலை கிடையாது, வெளியே வருவதும் கிடையாது. விண்ணப்பத்தை ஒரே மூச்சில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காப்பகத்துக்காரர்கள் புதிதாகக் கண் சான்றிதழ் கேட்டார்கள். அதே கண் அறை. பழைய பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு திரை மாட்டியிருந்தார்கள். நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். தம்பி பழகிய இடத்தில் போய் நின்றான், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டான், ஆரம்பித்துவிட்டான். முதல் வரி, இரண்டாம் வரி. ஆறாவது வரியை முடித்து, கைதட்டலுக்காக என் பக்கம் திரும்பினான்.

நர்ஸ் அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா, நான் இன்னும் லைட்டே போடலையே!"

அவள் டார்ச்சை எடுத்து அவன் கண்ணில் அடித்தாள். இரண்டு கண்ணிலும் பால் ஊற்றினதுபோல் புரை. "எத்தனை நாளா இப்படி? யாருமே கவனிக்கலையா?" என்று என்னைக் கேட்டாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வாயடைக்க வைத்தவள் நான். லைட் போடச் சொல்லி அவன் என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேராகச் சூப்பர்வைசர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் துணி மூட்டைகளை எண்ணியபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியும் டீச்சரம்மா. மூட்டைச் சீட்டைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு நிப்பாரே!"

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

முப்பது வருடமாக நான் ஏமாற்றியது என்னை மட்டும்தான். அதற்கு அவன் கண்ணைக் கொடுத்திருக்கிறான்.

ஒரு கண், ஒரு மாதம் விட்டு இன்னொரு கண் என்று ஆபரேஷன் முடிந்தது. மடிக்கும் மேசைக்குத் திரும்பிப் போனான். முதல் நாளே பதினேழு கறை விரிப்புகளை ஒதுக்கி, அதில் நாலு சூப்பர்வைசர் அம்மாவே பார்த்து அனுப்பியவை என்று சத்தம் போட்டானாம். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

போன வாரம் கண் டாக்டரிடம் மறுபரிசோதனை. பெயரைக் கூப்பிட்டதும் வழக்கம்போல் நானும் எழுந்தேன். தம்பி என் தோளில் கை வைத்து பெஞ்சில் அழுத்தி உட்கார வைத்தான்.

"நீ இங்கயே இரு. நான் சொல்லிக்கிறேன்."

கதவு முழுவதும் சாத்தவில்லை. "இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பது கேட்டது. "நல்லா இருக்கு டாக்டர்" என்ற பதில் என் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எரியுது" என்றான் உள்ளே. "இடது கண்ணு. நாலு நாளா எரியுது. அக்காகிட்ட சொல்லல."