ஜெரினாவுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி

“எல்சி, ஆட்டுக்குட்டி பெருசா பொறக்கணும்னா தாய்க்கு இன்னா குடுக்கணும்? அந்த இங்கிலீசு புத்தகத்துல பாத்துச் சொல்லு” என்று காத்தூன் பீவி கேட்டார்.

“பெருசா எதுக்கும்மா?” என்றேன்.

“நீ மொதல்ல படி.”

படித்தேன். “கடைசி மாசத்துல தீனி நல்லா கிடைச்சா குட்டி பெருசா, நீட்டுக்காலோட பொறக்குமாம். ஆனா ரோமச் சுருள் தளர்ந்துடுமாம்.”

“தளந்துடுமா? ரொம்ப நல்லதாப் போச்சு.”

“ரெட்டைன்னா ரெண்டும் சின்னதாத்தான் இருக்கும். சுருளும் மூணு நாளைக்குத்தான் இறுக்கமா நிக்குமாம். அப்புறம் பிரிஞ்சுடுமாம்.”

“ரெட்டையா? அதும் மூஞ்சியப் பாரு. ஒண்ணு போட்டாலே பெரிசு.”

ராயபுரத்தில் நாங்களும் காத்தூன் பீவியும் ஒரே முற்றத்தில் குடியிருந்தோம். வருஷம் ஐம்பத்திரண்டு. அவருடைய தம்பி அமீருதீன் வண்ணாரப்பேட்டையில் தொப்பி தைப்பவர். ரம்ஜான் பெருநாள் தொழுகைக்குச் சுருட்டை ஆட்டுக்குட்டித் தோலில் தொப்பி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தத் தோல் வேண்டுமானால் குட்டி பிறந்த உடனே அதை அறுத்தாக வேண்டும். கப்பல் சமையல்காரன் ஒருவனுக்குத் தொப்பிகளைக் கொடுத்து, சினையாயிருந்த ஒரு சீமை ஆட்டை வாங்கினார். பழைய புத்தகக் கடையில் அந்த இனத்தைப் பற்றிய புத்தகத்தையும் வாங்கினார். அதை அவரால் படிக்க முடியாது. ஆட்டைக் கட்ட அவர் வீட்டில் இடமும் இல்லை. இரண்டையும் அக்காவிடம் விட்டுவிட்டு, “வெறும் புல்லு மட்டும் போடு. குட்டி சின்னதா இருந்தாத்தான் தோலு நல்லா வரும்னு யாவாரிங்க சொல்றாங்க” என்று உத்தரவு போட்டார்.

காத்தூன் பீவி ஆட்டுக்கு ஜெரினா என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகு அதன் குட்டியை அறுக்க விடுவாரா?

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசலிலிருந்து வாங்கி வரும் கஞ்சியில் ஒரு கிண்ணம் அவருக்கு, ஒரு கிண்ணம் ஜெரினாவுக்கு. சில நாளில் ஜெரினா, பாங்கு சொல்வதற்கு முன்பே கத்த ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் பங்கிலும் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

“இன்னாக்கா இது, புல்லத் தின்னே பீப்பாயாட்டம் ஆயிட்டுகீது?” என்றார் அமீருதீன்.

“கடல்காத்துடா. அதுக்கு ஒடம்புல ஒட்டுது.”

கன்றுக்குட்டி அளவில் ஒன்று வரும், அதைப் பார்த்துத் தம்பி தலையில் கை வைப்பான் என்று அவர் காத்திருந்தார். பிறந்தவை இரண்டு. இரண்டும் கையளவு. உடம்பெல்லாம் மிளகைக் கொட்டியதுபோல் இறுகிய சுருள்.

“நான் ஊத்துன கஞ்சியெல்லாம் எங்கடி போச்சு?” என்று ஜெரினாவைக் கேட்டார். அது குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது.

அமீருதீன் ஓடி வந்தார். “ரெண்டு தோலு! எனக்கு ஒண்ணு, எம் பொண்ணோட மாப்ளைக்கு ஒண்ணு! கத்தி எங்கக்கா?”

“இர்றா. புத்தகத்தக் கேக்காம கை வெச்சா தோலு வீணாப் பூடும்.”

தாமே வாங்கிய புத்தகம், அதுவும் இங்கிலீஷ். அமீருதீன் மரியாதையாக உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெருநாளுக்கு அவர் பழைய துணித்தொப்பியோடுதான் போனார். சுருள் பிரிந்து பறட்டைத் தலையாகிவிட்ட குட்டிகள் இரண்டும் தெருமுனைவரை அவர் பின்னாலேயே ஓடின.

குட்டிகள் பிறந்த அன்று, தம்பியை உட்கார வைத்துவிட்டுப் புத்தகம் படிக்க என்னைக் கூப்பிட வந்த காத்தூன் பீவி, எங்கள் கதவருகில் நின்று என்னைக் கேட்டுக்கொண்டது இதுதான்:

“கண்ணு, சுருளு இறுகறதுக்கு ஒரு வாரம் பொறுக்கணும்னு அதுல போட்டுகீதுன்னு படிச்சுடு. அவனுக்கு இங்கிலீசு தெரியாது. ஜெரினாவும் யாராண்டயும் சொல்ல மாட்டா.”