கைப்பிடியில் ஒரு பூட்டு

நான் வேலை செய்யும் இந்த ஜெர்மன் தொழிற்சாலையில், கழிவறையில் கை கழுவுகிற குழாயிலேயே காபிக்கும் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. பக்கத்து மிஷினில் நிற்கும் வெர்னர் கெண்டியை நிரப்பிக்கொண்டு, குழாயைச் சரியாக மூடாமல் விசிலடித்தபடி போய்விடுவார். நான் பின்னாலேயே போய் மூடுவேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர்ப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவனால் சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

நம் நாடு சொந்தமாக ராக்கெட் விட்டதை இங்கே டெலிவிஷனிலும் காட்டினார்கள். மறுநாள் வெர்னர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்தது, பொய் சொல்வானேன்! அதுவரை பாம்பையும் சாமியாரையும் பற்றி மட்டுமே என்னிடம் விசாரித்த மனுஷர் அவர். அதே வாரம் ஊரிலிருந்து கருப்பசாமியின் கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன், சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கீழத்தெருக்காரன். எங்கள் ஊரில் சாதியைச் சொல்லி ஒதுக்கிவைத்த தெரு அது. ஊர் அடிபம்பு நின்றுபோய் நாலு மாதமாகிறது, உள்ளே தோல் வாசர் தேய்ந்துவிட்டது, கேட்கிற இடத்திலெல்லாம் ஸ்டாக் இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தான். பழைய வாசரைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, குழாயின் உள்ளளவையும் பக்கத்திலேயே குறித்திருந்தான். அவன் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போகுமுன் ஓடைக்கிணற்றுக்கு ரெண்டு மைல் நடந்து தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போகிறாளாம்.

எங்கள் தொழிற்சாலையில் செய்வதே பம்புகளுக்கான ரப்பர் வாசர்தான். கடிதத்தை வெர்னரிடம் காட்டினேன். ராக்கெட் விடுகிற நாட்டில் ஒரு வாசருக்கா பஞ்சம், நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் அரைகுறை ஜெர்மனில் விளக்க விளக்க இன்னும் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் திட்டினேன், நம்மூரையும் திட்டினேன். பாவம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு வாசர் அவரே செய்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நான் தப்புச் செய்தேன். கேட்டது கருப்பசாமி, பார்சலை அனுப்பியதோ என் அண்ணன் பேருக்கு. கீழத்தெருவுக்குப் பார்சல் ஒழுங்காகப் போகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊருக்கு எதுவானாலும் எங்கள் வீட்டு முகவரியை எழுதியே என் கைக்குப் பழக்கமாகியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் லீவுக்குப் போனேன். பள்ளிக்கூட முக்கில், எங்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே பம்பு நின்றது. கைப்பிடியைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டியிருந்தார்கள். ரிப்பேராகுமுன் அது சர்க்கார் பம்பு, முணுமுணுத்துக்கொண்டாவது எல்லோரும் அடித்தார்கள். வாசர் வந்ததும் அண்ணன் தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, முதல் குடத்தை எங்கள் வீட்டுக்கு எடுத்திருக்கிறார். அன்றைக்கே பூட்டும் வாங்கிவிட்டார். இதில் வாசரை உள்ளே மாட்டியவன் யார்? கருப்பசாமிதான்! பம்புக்குள்ளே கை விட்டவன் வெளியே கைப்பிடியைத் தொடக்கூடாதாம்.

அண்ணனிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"ஏலே, வாசர் யாரு அனுப்புனது? நீ. நீ யாரு? நம்ம வீட்டுப் பிள்ளை. அப்ப பம்பு யாருக்குலே?"

இதே அண்ணன், ராக்கெட் செய்தியைப் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்ட அன்று கடலைமிட்டாய் வாங்கி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தவர். கீழத்தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அதைப் பெருமையாக அவரே சொன்னார். ராக்கெட்டை எல்லோருக்கும் பொதுவாக்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை, அதை ஒருவரும் தொடப்போவதில்லை. இந்த அடிபம்பும் நம் நாட்டுப் பட்டறைகளில் நம் ஆட்கள் செய்ததுதானே? விஞ்ஞானத்தால் புது நாடாகிவிட்டோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அந்த நாடு எங்கள் ஊர் முக்கில் சங்கிலி போட்டுக்கொண்டு நிற்கிறது.

நான் அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய், பட்டப்பகலில் பூட்டைத் திறந்தேன். கீழத்தெருப் பக்கம் திரும்பி, வாருங்கள் என்று கூப்பிட்டேன். குடங்களோடு வந்த பெண்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். கருப்பசாமி மட்டும் பக்கத்தில் வந்தான். பள்ளிக்கூடத்தில் என்னை வாடா போடா என்றவன் இப்போது நீங்க என்கிறான். சாவியை அவனிடம் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"நீங்க ஒரு மாசத்துல போயிருவீங்க. சாவி எங்கிட்ட இருந்துச்சுன்னா, நாளைக்கு ஊரு என்னையில்லா பிடிக்கும். நீங்களே வச்சுக்கிடுங்க."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உன்னோடு இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லக்கூடியவனாக இருந்தால் அல்லவா வாயைத் திறந்திருக்கலாம்? சாயங்காலம் யாரோ சங்கிலியைச் சுற்றிப் பூட்டை அமுக்கிவிட்டார்கள். அமுக்கிப் பூட்டுவதற்குச் சாவியே வேண்டாம், திறப்பதற்கு அண்ணனிடம் இன்னொரு சாவி இருந்தது. நான் எடுத்ததை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

போன மாதம் கருப்பசாமி எழுதியிருந்தான். பூட்டை மாற்றிவிட்டார்களாம். வாசர் அருமையாக வேலை செய்கிறதாம், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையாம். அவன் மனைவி இன்னும் ஓடைக்கிணற்றுக்குத்தான் போகிறாள். அந்தப் பழைய சாவி என் ஜெர்மன் வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடக்கிறது. வேலை விட்டு வந்து கதவு முன்னால் நிற்கும்போது முதலில் கைக்கு அகப்படுவது அதுதான். இந்தக் கதவில் அது நுழையாது, அந்தப் பூட்டிலும் இனி நுழையாது. குளிருக்கு விறைத்த விரலால் அதை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தேடுகிறேன்.